டைப் பாவாடையும் தலைத் தீபாவளியும்

ஆடிக்கு என்று வந்த சித்தி புரட்டாசி முடியப் போகிற சமயத்திலும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது அவர்கள் மெதுவாகப் பேசிய விதத்தில் தெரிந்தது.

புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடி மாதத்தில் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும், ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவதும் எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவையும் சித்தியையும் பெற்றவர்கள் அப்போது உயிரோடு இல்லை. அதனால் போடியில் இருந்த எங்கள் வீடுதான் சித்திக்குத் தாய்வீடு. ஆவணியில் சித்தப்பா சிலமலையிலிருந்து முறைப்படி வந்தார். காபி குடித்தார். என்னிடம் எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். ஐந்தாவது என்றேன். பிறகு தனியாகவே திரும்பிப் போனார். போடியிலிருந்து சிலமலைக்குப் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஊரின் பெயரைக் கடல் தாண்டி இருக்கிற ஊரைச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

என்ன தகராறு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்கும். சித்தி கல்யாணத்துக்கு முன்னால் கடைவீதியில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தைத்த ரவிக்கை தோளில் சுருக்கம் விழாது என்று பெயர். கல்யாணமாகிப் போன வீட்டில் தோட்டம் துரவு இருந்தது. "எங்க வீட்டுப் பொம்பள ஊராளுகளுக்கு அளவெடுத்துத்தான் சாப்பிடணும்னு ஒண்ணும் தலையெழுத்து இல்ல" என்று சித்தியின் மாமியார் சொல்லிவிட்டாராம்.

"அதுக்கு மாப்பிள்ளை என்னா சொன்னாராம்?" என்று அப்பா கேட்டது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"ஒண்ணுமே சொல்லலையாம். அதான இப்பப் பிரச்சினையே" என்றாள் அம்மா.

ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படிப் பிரச்சினையாகும் என்று எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறவர்களைத்தான் டீச்சர் பாராட்டுவார்கள். சித்தப்பாவுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு, அதனால் பேச முடியவில்லை, அதனால் எல்லோரும் கவலைப்படுகிறார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அப்பா ஜீப்பு ஓட்டினார். விடிவதற்கு முன்னாலேயே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். அவர்கள் காய் எடுத்து முடிக்கும்வரை மேலேயே காத்திருந்து சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். லீவு நாளில் சில சமயம் என்னையும் கூட்டிப் போவார். அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமையும் நான் முன்சீட்டில், அப்பாவுக்கும் ஒரு அக்காவின் தூக்குவாளிக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். அடிவாரத்து முந்தல் தாண்டி மலை வளைவுகள் ஆரம்பித்தால் பின்னாலிருந்து வெற்றிலை வாசனையும் பேச்சும் கலந்து வரும். உச்சியில் இருக்கிற மெட்டை நெருங்கும்போது குளிரில் பேச்சு மட்டும் நின்றுவிடும்.

ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்ட பிறகு அப்பா வண்டியை இன்னும் கொஞ்சம் மேலே விட்டார். அங்கே பழைய மானேஜர் பங்களா ஒன்று இருந்தது. அதை யாரோ வாங்கி, சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டில், அலமாரி, கண்ணாடி பதித்த மேஜை எல்லாம் முற்றத்தில் பனியில் நனைந்துகொண்டு கிடந்தன. காவலுக்கு இருந்த மலையாளத்துக்காரர் அப்பாவுக்குப் பழக்கம். அவர் ஒரு ஏலக்காய்ச் சாக்கைக் காலால் தள்ளி அப்பா பக்கம் நகர்த்தினார்.

"இது ஆருக்கும் வேண்டா. கொண்டு போயிக்கோ. வண்டி தொடைக்கலாம்."

சாக்குக்குள் கையை விட்டேன். வழுவழுவென்று பாம்புக் கூட்டம்போல ஏதோ விரலில் சுற்றியது. அலறிக்கொண்டு கையை எடுத்தேன். கையோடு ஒரு டையும் வந்தது. மயில்நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளை வாத்துகள்.

"மானேஜர் சார் கழுத்துல கெட்டுற சாதனம், மோளே" என்று அவர் சிரித்தார். "ரிட்டயர் ஆயி மகன் வீட்டுக்குப் போயி. இனி அவருக்கு எதுக்கு?"

சாக்கு நிறைய டைகள். கோடு போட்டது, கட்டம் போட்டது, குதிரை ஓடுவது, குடை விரிந்திருப்பது. அடியில் மானேஜரின் மனைவி தலையில் கட்டிக்கொண்டிருந்த பட்டுத் துணிகள் நான்கைந்து. எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசனை. எங்கள் ஊரில் டை கட்டுகிறவர்கள் மூன்றே வகை. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள், மருந்துக் கம்பெனி ஆட்கள், வரவேற்பு மேடையில் நிற்கிற புது மாப்பிள்ளைகள். ஒரே மனிதன் இத்தனையையும் கட்டிக்கொண்டு ஏலக்காட்டுக்குள் எங்கே போனார், யார் பார்த்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "அட்டைப்பூச்சி பாத்திருக்கும்" என்றார் அப்பா.

சாயங்காலம் இறங்கும்போது ஏழு டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். "ஏ, புது மானேஜரம்மா வர்றாக. நாளைக்கு லீவு குடுங்க தாயி" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா சொல்ல, வண்டி முழுவதும் சிரித்தது. நான் குடுத்தேன். மறுநாள் எப்படியும் ஞாயிற்றுக்கிழமைதான்.

அம்மா சாக்கை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"இதைக் கட்டிக்கிட்டா நீங்க ஜீப்பு ஓட்டப் போறீங்க? இல்ல, ஆட்டைக் கட்டவா? நம்மகிட்ட ஆடும் இல்லையே."

சித்தி அந்தப் பேச்சில் சேரவில்லை. உள்ளேயிருந்து வந்து ஒரு டையை எடுத்தாள். முனையைப் பிரித்துப் பார்த்தாள். பல்லால் ஒரு நூலைக் கடித்து இழுத்தாள். டை அப்படியே முதுகு பிளந்து விரிந்தது. உள்ளே இருந்த கெட்டியான வெள்ளைத் துணியை உருவிப் போட்டுவிட்டு, பட்டை மட்டும் தரையில் விரித்தாள். அதன் பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றும் மேலே ஒடுங்கி, கீழே அகன்று, நுனியில் கூராக இருந்தது. அடுக்க அடுக்க அவை விசிறிபோல வளைந்துகொண்டே போயின.

"அக்கா, இதப் பாரேன். குடைப் பாவாடைக்குன்னே வெட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் இடுப்பைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. "இவளுக்குத் தீவாளிக்கு இதான்."

"தீவாளிக்குப் பழைய துணியா? நல்லாருக்கு."

"டைதான் பழசு. பாவாடை புதுசுக்கா."

மூன்று மாதமாகச் சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். பாத்திரம் தேய்த்தாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். ஆனால் இந்தக் குரலில் அவள் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மாவும் கேட்டிருக்க வேண்டும். சாக்கை அவளே தூக்கி உள்ளே வைத்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு தையல் மிஷின் இருந்தது. அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. அம்மாவுக்குத் தைக்கத் தெரியாததால் அதன்மேல் டிவி உட்கார்ந்திருந்தது. சித்தி டிவியைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். மிஷினைத் திருப்பிப் போட்டு, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வாரைக் கழற்றி மாட்டி, காலால் மிதித்துப் பார்த்தாள். அது முதலில் கோழிபோலக் கத்தியது. இரண்டாம் நாள் சமாதானமாகி ஓடத் தொடங்கியது.

டைகளை ஷாம்பூ போட்டு அலசி நிழலில் உலர்த்தினோம். கொடி முழுவதும் முதுகு பிளந்த டைகள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பால்காரர், "வீட்டுல யாரும் ஆபீசராயிட்டாங்களா?" என்று கேட்டார். சிலவற்றில் பூச்சி அரித்திருந்தது. சில, இஸ்திரிப் பெட்டி பட்டதும் சருகாகக் கிழிந்தன. தேறியவற்றை நிறம் பார்த்து அடுக்கும் சோலி என்னுடையது. குதிரையையும் வாத்தையும் பக்கத்தில் வைக்கக் கூடாது, சண்டை போடும் என்று நான் சொன்ன நியாயத்தைச் சித்தி அப்படியே ஏற்றுக்கொண்டாள்.

முதல் பாவாடை உருப்படவில்லை. பட்டைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து எனக்கு மாட்டிப் பார்த்தபோது, அது என் காலைச் சுற்றிக்கொண்டு முறுக்குப்போலத் திருகியது. ஒரு பக்கம் முழங்காலுக்கு ஏறி, மறுபக்கம் தரையில் புரண்டது. எனக்கு அழுகை முட்டியது. அம்மா, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

சித்திக்கு முகம்கூட மாறவில்லை. என்னைச் சுற்றி மூன்று தடவை நடந்தாள். ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். அது ரப்பர்போல நீண்டது.

"குறுக்கால வெட்டுன துணி. கழுத்துல வளையணும்னு அப்படி வெட்டியிருக்கான். இழுத்த பக்கமெல்லாம் போகும்" என்றாள். "அடியில ஒரு முரட்டுத் துணி வேணும். அதுல ஏத்தித் தச்சா நகராது. தப்பு என்னுதுதான். திரும்பத் தைப்போம்."

தப்பு என்னுடையதுதான் என்று ஒரு பெரிய ஆள் சிரித்துக்கொண்டே சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாத் தையலையும் பிரித்தாள். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை அடித் துணியாக வெட்டி, அதன்மேல் ஒவ்வொரு பட்டையாக ஊசி குத்தி நிறுத்தித் தைத்தாள். கூர்முனைகளைக் கீழே வரிசையாகத் தொங்கவிட்டாள். டைகளின் ஒடுங்கிய வால்களை வெட்டி இடுப்புப் பட்டையும் நாடாவும் ஆக்கினாள். மானேஜரின் மனைவி தலையில் கட்டிய துணிகள் எனக்குச் சட்டையாயின.

தெருவில் செய்தி பரவியது. முதலில் பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். பிறகு அவள் தங்கச்சி. பிறகு ஏலக்காய்க் கடையில் அம்மாவோடு காய் தரம் பிரிக்கிறவர்கள் நான்கு பேர். எல்லோரும் பாவாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல, "என் ரவிக்கை ஒண்ணு தோள்ல நிக்க மாட்டேங்குது, ஒருதரம் பாக்கிறியா?" என்றார்கள். சித்தி எல்லோருடையதையும் பார்த்தாள். அந்த நாட்களில் அவள் வேகமாக நடந்தாள், நிறையச் சாப்பிட்டாள். ஊசியை வாயில் வைத்துக்கொண்டே பேசினாள்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது பாவாடையில் ஒரு சாண் இடைவெளி விழுந்தது. என் இடுப்பைச் சுற்றி வர ஒரே ஒரு பட்டை குறைந்தது. சாக்கைக் கவிழ்த்து உதறினோம். ஒன்றும் இல்லை.

"ஒரு சேலைத் துண்டை வச்சுத் தையேன். யாரு பாக்கப் போறா?" என்றாள் அம்மா.

"நான் பாப்பேன்ல" என்றாள் சித்தி.

அவள் கொஞ்ச நேரம் மிஷின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய், சிலமலையிலிருந்து கொண்டுவந்த தன் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு டையை எடுத்து வந்தாள். அரக்கு நிறம். பொடிப் பொடியாகத் தங்க மாங்காய்கள். மற்ற டைகளைப்போல நீளமாக இல்லாமல் அது முடிச்சோடு வளையமாக இருந்தது. கழுத்தில் கட்டியதைத் தலை வழியாக அப்படியே கழற்றி வைத்ததுபோல.

"இது எங்க இருந்துச்சு சித்தி?"

"இருந்துச்சு."

முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினாள். ஊசியால் நெம்பினாள். நான் பல்லால் கடித்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். வெட்டினால் ஒரு நிமிட வேலை. ஆனால் அவள் வெட்டாமல் உட்கார்ந்து அதை அவிழ்த்தாள். அவிழ்ந்ததும் ஒரு தடவை நீவிப் பார்த்தாள். அப்புறம் முதுகைப் பிளந்தாள். அந்தப் பட்டையைப் பாவாடையின் முன்பக்கத்தில், நட்டநடுவில் வைத்துத் தைத்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வாத்துதான் நடுவில் வர வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். ஆனாலும் விட்டுக்கொடுத்தேன்.

அது சித்திக்குத் தலைத் தீபாவளி. கல்யாணமாகி வருகிற முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளை பெண்ணின் தாய்வீட்டுக்கு வந்தாக வேண்டும். பெண் ஏற்கெனவே அங்கேயே இருந்தால் என்ன செய்வது என்பதற்கு வழக்கத்தில் இடமில்லை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிலமலைக்குப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தார். "வருவாரா?" என்று அம்மா கேட்டாள். "ஒண்ணும் சொல்லலை" என்றார் அப்பா. இருவரும் பெருமூச்சு விட்டார்கள். அந்தத் தொண்டைக்கு இன்னும் வைத்தியம் ஆகவில்லை என்று நானும் வருத்தப்பட்டேன்.

ஆனால் வந்தார். தீபாவளி அன்று காலையில், நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்திருந்தபோது, வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஒரு ஸ்வீட் பெட்டியோடு சித்தப்பா நின்றிருந்தார். "வாங்க சகலை, வாங்க" என்று அப்பா தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். அம்மா அவர் தலையில் எண்ணெய் வைத்தாள். குளித்து, அப்பா எடுத்து வைத்திருந்த புது வேட்டி சட்டையை உடுத்திக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சித்தி அடுப்படியில் சீயம் சுட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. அப்பா இந்த வருஷ மழையைப் பற்றிச் சொன்னார். சித்தப்பா தலையாட்டினார். அப்பா போன வருஷ மழையைப் பற்றிச் சொன்னார். அதற்கும் தலையாட்டினார்.

இதைக் காப்பாற்ற என்னால்தான் முடியும் என்று எனக்குத் தோன்றியது. டைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்று ஒரு சுற்றுச் சுற்றினேன். இருபத்துச் சொச்சம் டைகளும் குடையாக விரிந்து எழுந்து, கூர்முனைகள் படபடக்க, மெதுவாக இறங்கின. அதைப்போல ஒரு பாவாடையை அதற்குப் பிறகு நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

சித்தப்பா பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பாவாடையின் முன்பக்கத்தில் அவர் கண் நின்றது.

"இது என் டைதான?" என்றார்.

அப்பா மழையை நிறுத்தினார். அம்மா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள். எனக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. சித்தி அவருடைய டையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று மாதமாக நடக்கிற தகராறு இதுதான். இப்போது கண்டுபிடித்துவிட்டார்.

பின்பக்கம் ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவின் சவர பிளேடால் அந்தப் பட்டையின் இரண்டு ஓரத் தையலையும் பிரிக்கத் தொடங்கினேன். சித்தியின் தையல் லேசில் விடவில்லை. ஒரு விரலில் கீறலோடு ஒருவழியாகப் பிய்த்து எடுத்தேன். பாவாடையின் முன்பக்கம் அப்பாவின் பழைய வேட்டி வெள்ளையாகத் தெரிந்தது. அதைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்து, மறு கையிலிருந்த பட்டையைச் சித்தப்பாவிடம் நீட்டினேன்.

"இந்தாங்க சித்தப்பா. ஒங்க டை. சித்தி திருடலை. பத்திரமாத்தான் வச்சிருந்துச்சு. சேலைக்கு அடியில வச்சிருந்துச்சு. முடிச்சைக்கூட அவுக்காமத்தான் வச்சிருந்துச்சு. ஒரு பட்டை கொறஞ்சதுனாலதான் எடுத்துச்சு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல நாளும் அதுவுமா பிளேடெடுத்துக் கிழிச்சிட்டு வந்து நிக்கிறாளே, பாவி மக!"

சித்தப்பா அம்மாவைக் கவனிக்கவே இல்லை. "முடிச்சோடவா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா. நகத்தாலயே அவுத்துச்சு. வெட்டவே இல்ல."

சித்தி வந்து நின்றாள். கையில் சாரணிக் கரண்டி, நெற்றியில் மாவு. சித்தப்பா பட்டையை முழங்கால்மேல் விரித்துத் தடவிக்கொண்டிருந்தார். அது இனி டை இல்லை. தட்டையாக, முதுகு திறந்து, ஓரமெல்லாம் ஊசித் துளையாக இருந்தது.

"இதைத் திரும்ப டையாக்க முடியுமா?" என்று நிமிராமலே கேட்டார்.

"முடியாது" என்றாள் சித்தி. "பிரிச்சு வெட்டியாச்சு. பாவாடைல திரும்ப வச்சுத் தைக்கலாம். முன்னவிட நல்லாவே தைக்கலாம்."

அவர் பட்டையை மடித்துச் சித்தியிடம் நீட்டினார்.

"அப்பத் தை" என்றார். "நீ தச்சு நான் பாத்ததே இல்ல. பாக்குறேன்."

சீயம் சுடுவதை அம்மா ஏற்றுக்கொண்டாள். சித்தி கையைக் கழுவிவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். சித்தப்பா பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று கடைவீதியில் வாங்கி ஒளித்து வைத்திருந்த ரெடிமேட் சுடிதாரை எனக்கு மாட்டிவிட்டாள். பாவாடை மிஷினில் இருந்தது. டையில் ஒரு துண்டுகூடக் காணாமல் போய்விடக் கூடாது என்று சித்தப்பா காவல் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நல்ல நாளில் இவ்வளவு சந்தேகம் கூடாது.

பட்டை ஒன்றுதான். தைக்கக் கால் மணி நேரம் ஆகும். நான் வெடி வெடித்துவிட்டு வந்தபோதும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு எட்டிப் பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தொண்டை சரியாகிவிட்டது போலிருந்தது. என்ன பேசுகிறார் என்று மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. சித்தியும் பேசினாள். அவள் பேசும்போது இன்னும் வேகமாக மிதித்தாள்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். என் பாவாடை தைத்து முடிந்து பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. ஊசிக்கு அடியில் துணியே இல்லை. ஊசியில் நூலும் இல்லை. சித்தி வெறும் மிஷினைக் கடகடவென்று மிதித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, துணி வைக்காமத் தைக்கிறீங்க!" என்று கத்தினேன்.

அம்மா எங்கிருந்து வந்தாளோ, என் காதைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தப்பைச் சுட்டிக்காட்டியதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று அப்பாவிடம் முறையிட்டேன். "மிஷினு ரொம்ப நாளா ஓடாம கெடந்துச்சுல்ல, ஆத்தா. ஓடட்டும்" என்றார் அப்பா. அது சரியாகத்தான் பட்டது. ஜீப்பையும் அவர் சில நாள் அப்படிச் சும்மா ஓடவிடுவார்.

அன்று சாயங்காலம் சித்தப்பா தனியாகத்தான் திரும்பிப் போனார். அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. சித்தி வாசல்வரை போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு நல்ல நாளில் எங்கள் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னாலேயே பைக்கில் சித்தப்பா. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேராக உள்ளே வந்தார்.

"முன் ரூம்ல, ஜன்னல் பக்கம் எடம் ஒதுக்கியிருக்கேன் மதினி. வெளிச்சம் நல்லா வரும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"ஒங்க ஆத்தா என்னா சொன்னாங்க தம்பி?" என்று அம்மா தயங்கிக்கொண்டே கேட்டாள்.

"சொன்னாங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். அப்புறம் நான் சொன்னேன்."

அப்பாவும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மிஷினைத் தூக்கினார்கள். எங்கள் மிஷினை. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த மிஷினை. அதை அம்மாவே, "வாரு பத்திரம், வெரசாத் தூக்காதீங்க" என்று சொல்லி வழியனுப்பிக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் அதைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். சித்தியின் பெட்டியும் ஏறியது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சித்தி பின்னால் ஏறி மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. வாசலுக்கு ஓடிவந்தேன்.

"ஒரு டைக்கு ஒரு மிஷினா? போதாததுக்குச் சித்தியும் வேணுமா? இது நியாயமே இல்ல சித்தப்பா!"

முதலில் சிரித்தது சித்தப்பாதான். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு அப்பா. பிறகு வண்டியில் நின்றுகொண்டிருந்த சித்தி, மிஷின்மேல் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். ஆட்டோ டிரைவர்கூட, விஷயம் தெரியாமலே சிரித்தார். அத்தனை பேரும் சிரித்தது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை சித்தி கையை ஆட்டிக்கொண்டே போனாள். நான் ஆட்டவில்லை.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாம தோத்துட்டமா?" என்று கேட்டேன்.

"இல்லடி. ஜெயிச்சிட்டோம்" என்றாள்.

அம்மாவுக்குக் கணக்கு வராது என்று அப்பா அடிக்கடி சொல்வார். அன்றைக்கு அதை நானும் நம்பினேன்.